உத்தரவாதம் தராத பாதை

ஒரே கைப்பேசி, ஒரே கோபுரம், ஒரே அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் நாற்பது பக்கப் பத்திரம் ஒன்றின் நகலை நமக்கு அனுப்புகிறார். வந்து சேரச் சற்றுத் தாமதமானாலும், அதில் ஓர் எழுத்துக் குறைவதில்லை, ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறுவதில்லை. பத்திரம் வந்ததா என்று கேட்பதற்காக அவரே வீடியோ அழைப்பில் தோன்றும்போதோ, முகம் கட்டங்கட்டமாகச் சிதறுகிறது, உதடு அசைந்த பிறகு குரல் வருகிறது, 'கையெழுத்துப் போட்டாச்சா?' என்று அவர் கேட்டது நம் காதில் 'கையெ... டாச்சா?' என்று விழுகிறது. நாற்பது பக்கத்தைப் பழுதின்றிச் சுமந்து வந்த பாதை நாலு வார்த்தையைச் சுமக்க ஏன் தடுமாற வேண்டும்?

'நெட்வொர்க் சரியில்லை' என்று நாம் எல்லோரும் இதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். சரியில்லாத நெட்வொர்க்கில் பத்திரம் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்ற கேள்வியை அந்தச் சமாதானம் தொடுவதே இல்லை. விஷயம் என்னவென்றால், இரண்டு சந்தர்ப்பங்களிலும் பாதை ஒரே அளவுக்குக் குறையுடையதாகத்தான் இருந்தது. இரண்டிலும் வழியில் சில துண்டுகள் தொலைந்தே போயின. தொலைந்ததற்கு என்ன பரிகாரம் செய்வது என்பதைப் பாதையின் இரு முனைகளிலும் இருந்த கருவிகள் பத்திரத்துக்கு ஒரு விதமாகவும் பேச்சுக்கு வேறு விதமாகவும் தீர்மானித்தன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பின் அடிப்படைச் சித்தாந்தம் பெரும்பாலும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருப்பதால், அது எப்படி உண்டாயிற்று, எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் பழைய தொலைபேசியை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு டிரங்க் கால் போட்ட காலத்தில், இடையிலுள்ள எக்ஸ்சேஞ்சுகளில் அமர்ந்திருந்த ஊழியர்கள் கம்பியோடு கம்பியை இணைத்து, பேசுகிற இருவருக்கும் நடுவே தனியானதொரு மின்பாதையை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். பேச்சு முடியும் வரையில் அந்தப் பாதை அவ்விருவருக்கே சொந்தம். அவர்கள் மௌனமாக இருந்தாலும் வேறொருவர் அதில் நுழைய இயலாது. பின்னர் ஊழியர்களின் இடத்துக்கு யந்திரங்கள் வந்தன. ஆயினும் முறை மாறவில்லை. இதைச் சுற்றிணைப்பு முறை என்று குறிப்பிடுவோம். இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு இது பொருத்தமானதே. கணினியின் சுபாவம் வேறு. அதன்முன் அமர்ந்திருப்பவர் ஒரு கட்டளையைத் தட்டுகிறார். விடை ஒரு கணத்தில் மொத்தமாக வந்து கொட்டுகிறது. அதைப் படித்து யோசிப்பதில் ஐந்து நிமிஷம் கழிகிறது. அந்த ஐந்து நிமிஷமும் அவருக்கென்று ஒதுக்கப்பட்ட கம்பி வெறுமனே கிடக்கும். கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். கணினிக்கு வேண்டியதெல்லாம் எப்போதாவது சில கணங்களுக்கு மிக வேகமான பாதை. எப்போதும் தனக்கென்று ஒரு பாதை அன்று.

இந்தச் சிக்கலுக்கு ஒரே விதமான தீர்வை இருவர், ஒருவரையொருவர் அறியாமல், அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ராண்ட் ஸ்தாபனத்தில் பணியாற்றிய பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலில் பல நிலையங்கள் அழிந்துபோனாலும் மிஞ்சிய நிலையங்களுக்கிடையே செய்தி போய்ச் சேருவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுரைகள் 1964-இல் வெளிவந்தன. இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ் யுத்தத்தைப் பற்றி யோசிக்கவில்லை. பலர் ஒரே கணினியைத் தொலைவிலிருந்து பயன்படுத்தும்போது கம்பி வீணாவதைத் தடுப்பதே 1965-இல் அவருக்கிருந்த கவலை. நோக்கங்கள் வேறானாலும் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: செய்தியை ஒரே நீளமாக அனுப்பாமல் சிறு சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும், ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது போகவேண்டிய விலாசத்தை எழுத வேண்டும், யாருக்கும் தனிப்பாதை ஒதுக்காமல், எல்லோருடைய துண்டுகளையும் ஒரே கம்பியில் அடுத்தடுத்து விட வேண்டும். துண்டின் நீளமாகக்கூட இருவரும் 1024 பிட் என்ற ஒரே அளவையே தெரிந்தெடுத்திருந்தார்கள். இந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் டேவிஸ். நாம் அதைப் பொதி என்போம்.

இம்முறை எவ்வாறு பலிக்கிறது என்பதை அறிய ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வது போதும். கிராமத்தில் வசிக்கும் நாவலாசிரியர் ஒருவர், 300 பக்கமுள்ள கையெழுத்துப் பிரதி ஒன்றைச் சென்னையிலுள்ள அச்சகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கிறது. தபாலாபீஸிலோ ஓர் உறைக்குள் ஒரு தாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. அவர் பக்கத்துக்கு ஓர் உறையாக 300 உறைகளைத் தயார் செய்து, ஒவ்வொன்றின் மீதும் அச்சகத்தின் விலாசத்தையும் தம் விலாசத்தையும் பக்க எண்ணையும் எழுதிப் பெட்டியில் போடுகிறார். நாவல் என்று ஒன்று இருப்பதே தபால் இலாகாவுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை 300 தனித்தனி உறைகள். சில திருச்சி வழியாகப் போகும். சில விழுப்புரத்தில் ஒரு நாள் தங்கும். 41-ஆம் பக்கம் 40-ஆம் பக்கத்துக்கு முன்னதாகவே போய்ச் சேரும். 87-ஆம் பக்கம் எங்கோ ஒரு மூட்டையின் அடியில் சிக்கித் தொலைந்துபோகும். எனினும், நாவல் குறைவின்றி அச்சேறுவதற்கு இரண்டே ஏற்பாடுகள் போதும். ஆசிரியர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கார்பன் பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். அச்சகத்தார் 'இதுவரை வந்தது' என்று அவ்வப்போது கார்டு எழுதிப் போட வேண்டும். கார்டுகளில் 86-ஐத் தாண்டி எண் நகரவில்லையென்றால் ஆசிரியர் 87-இன் பிரதியை மறுபடி அனுப்புவார். கார்டே தொலைந்துபோனாலும் பாதகமில்லை. சில நாள் பார்த்துவிட்டு அவர் 87-ஐ இன்னொரு முறை அனுப்புவார், அச்சகத்தார் இரண்டு 87-களில் ஒன்றைக் குப்பையில் போடுவார்கள்.

இந்தக் காட்சியில் தபால் இலாகா எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாவல் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஆசிரியரும் அச்சகத்தாரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமே. கணினி வலையமைப்பில் இத்தகைய ஒப்பந்தத்துக்கு நெறிமுறை என்று பெயர்.

இனி உறையின் மேல் எழுதியிருப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வீடுகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக உள்ள ஈதர்நெட் கம்பியில் ஒரு பொதி அதிகபட்சமாக 1500 பைட் வரை இருக்கலாம். அதில் 40 பைட் அளவு தலைப்புச் செய்திக்குப் போய்விடும். எஞ்சிய 1460 பைட்டில்தான் சரக்கு. ஆகவே கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றை நண்பருக்கு அனுப்பும்போது, ஏறத்தாழ 2,000 பொதிகளை நாம் தபாலில் சேர்க்கிறோம் என்று கொள்ளலாம். தலைப்பில் போகவேண்டிய விலாசமும் புறப்பட்ட விலாசமும் இருக்கும். ஐ.பி. விலாசம் எனப்படும் இது வெறும் எண். பழைய முறைப்படி 32 பிட் நீளமுள்ளது. 32 பிட்டில் சுமார் 429 கோடி எண்களையே எழுத முடியும். உலகத்திலுள்ள கருவிகளுக்கு அது போதாமற் போனதால், 128 பிட் நீளமுள்ள புது விலாச முறையும் இப்போது பழைய முறையோடு கூடவே வழங்கி வருகிறது.

பொதியை வழிநடத்தும் யந்திரம் ரூட்டர், அதாவது திசைவி. தபாலாபீஸில் கடிதம் பிரிப்பவர் 'சென்னை' என்ற சொல்லை மட்டும் பார்த்து ஒரு பைக்குள் போடுவதைப் போல, திசைவி பொதியிலுள்ள விலாசத்தின் முற்பகுதியைப் பார்த்து, தன்னிடமுள்ள அட்டவணையின்படி அதை அடுத்த திசைவிக்குத் தள்ளிவிடுகிறது. முழு வழியும் அதற்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. சற்று முன் இதே புகைப்படத்தின் துண்டு ஒன்று தன் வழியாகப் போயிற்று என்ற ஞாபகமும் அதற்குக் கிடையாது. திசைவிகள் தமக்குத் தெரிந்த வழிகளைத் தம்முள் ஓயாமல் பரிமாறிக்கொண்டு அட்டவணைகளைத் திருத்திக்கொண்டே இருப்பதால், ஒரு வழி அறுந்தால் மற்றொரு வழியைப் பிடிக்க அவற்றால் முடிகிறது. 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்டிரியா நகருக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற இணையப் போக்குவரத்தில் பெரும் பகுதி தடைப்பட்டது. எனினும் இணையம் அடியோடு நின்றுவிடவில்லை. போக்குவரத்தில் ஒரு பங்கு கிழக்கே திரும்பி, பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகவேனும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நிலையமும் மூன்று நான்கு அண்டை நிலையங்களோடு இணைக்கப்பட்டிருந்தால் போதும், பெரும் சேதத்தையும் வலையமைப்பு தாங்கும் என்று பாரன் கணக்கிட்டுக் காட்டியது வீண்போகவில்லை.

பொதிகள் ஏன் தொலைகின்றன? மின்னல், காற்று, கம்பியில் ஏற்படும் கோளாறு ஆகியவற்றால் சில கெடுவதுண்டு. ஆனால் மிகப் பல பொதிகளைத் திசைவிகள் தெரிந்தே வீசியெறிகின்றன. நாலு கம்பிகளிலிருந்து வரும் பொதிகள் ஒரே கம்பியில் வெளியேற வேண்டியிருக்கும்போது, அவை திசைவியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்க வேண்டும். அந்த இடமும் நிறைந்துவிட்டால், அடுத்து வரும் பொதிக்கு இடமில்லை. யாருக்கும் சொல்லாமல் அது விடப்படுகிறது. கேட்பதற்கு இது கொடுமையாகத் தோன்றினாலும், இதனால்தான் திசைவியை எளிமையாகவும் வேகமாகவும் செய்ய முடிகிறது. கைவிட்ட பொதிக்குப் பொறுப்பேற்று அதன் பிரதியைக் காப்பாற்றி வைக்கும் வேலை திசைவிக்கும் இருந்திருந்தால், கோடிக்கணக்கான உரையாடல்களின் ஞாபகத்தை அது சுமக்க வேண்டி வந்திருக்கும்.

நடுவிலுள்ள வலையமைப்பைப் பொறுப்பற்றதாக விட்டுவிட்டு, பொறுப்பு முழுவதையும் முனைகளுக்கு மாற்றலாம் என்ற துணிவான யோசனையைச் செயலில் காட்டியவர் பிரான்சைச் சேர்ந்த லூயி பூசேன். 1970-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய சிக்லாட் என்னும் வலையமைப்பு அந்த முறையில் இயங்கியது. அமெரிக்காவில் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் வெவ்வேறு வகையான வலையமைப்புகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கான நெறிமுறையை 1974 மே மாதத்தில் வெளியிட்டபோது, பூசேனின் கருத்தும் அதில் கலந்திருந்தது. அதன் வழிவந்ததே இன்று நம் கருவிகள் எல்லாவற்றிலும் இயங்கும் டி.சி.பி. என்னும் நெறிமுறை. நாவலாசிரியரும் அச்சகத்தாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் எல்லா ஷரத்துகளும் அதில் உண்டு: ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண், 'இதுவரை வந்தது' என்று திரும்பி வரும் ஒப்புகை, ஒப்புகை வரும் வரையில் பிரதியை வைத்திருத்தல், கெடுவுக்குள் வராவிட்டால் மறுபடி அனுப்புதல். இவற்றோடு சரிபார்ப்புத் தொகை என்ற ஒன்றும் சேர்கிறது. பொதியிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி ஒரு தொகையை அனுப்புகிறவர் எழுதி வைக்கிறார். பெறுகிறவர் தாமும் கூட்டிப் பார்க்கிறார். தொகை ஒத்துவராவிட்டால் பொதி வழியில் சிதைந்திருக்கிறது என்று அறிந்து அதை ஒதுக்கிவிடுகிறார். மறுபிரதி தானே வந்து சேரும். பத்திரம் தாமதமானாலும் எழுத்துப் பிசகாமல் வந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

சரிபார்ப்பதை நடுவழியிலேயே, ஒவ்வொரு திசைவியும் அடுத்த திசைவியும் தமக்குள் செய்துகொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று தெளிவாகக் காட்டிற்று. சால்ட்சர், ரீட், கிளார்க் என்னும் மூவரும் தம் கட்டுரை ஒன்றில் அதை விவரித்திருக்கிறார்கள். அங்கே பல உள்வலையமைப்புகளை இணைத்த கணினிகளுக்கிடையே, கம்பிக்குக் கம்பி சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. ஆகையால் கம்பிவழிப் பயணத்தில் பிழை நேரவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அவற்றுள் ஒரு கணினியில் மட்டும், வந்த செய்தியை ஒரு நினைவுப் பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை, அடுத்தடுத்த இரு பைட்டுகள் இடம் மாறின. உள்ளே வரும் கம்பியில் சரிபார்த்தாயிற்று. வெளியே போகும் கம்பியிலும் சரிபார்த்தாயிற்று. பிழையோ இரண்டுக்கும் நடுவே, யாரும் பார்க்காத இடத்தில் நிகழ்ந்தது. இயக்க அமைப்பு ஒன்றின் மூல நிரல்கள் நெடுநாள் அந்தக் கணினி வழியாகப் போய் வந்து, சிறிது சிறிதாகக் கெட்டன. கடைசியில் அவற்றின் சொந்தக்காரர்கள் பழைய அச்சுப் படிகளைத் தேடியெடுத்து, கண்ணால் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது. நம்பகம் வேண்டுமானால் கடைசிச் சரிபார்ப்பு இரு முனைகளிலும்தான் நடந்தாக வேண்டும். நடுவில் செய்யும் சரிபார்ப்பு வேகத்துக்கு உதவலாமேயொழிய அதன் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதே அம்மூவரும் நிலைநாட்டிய முடிவு.

இப்போது பேச்சின் சங்கதிக்கு வருவோம். இணையவழிப் பேச்சு வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொதியாக, விநாடிக்கு 50 பொதிகள் வீதம் புறப்படுகிறது. அவற்றுள் ஒன்று தொலைந்தால், அது தொலைந்ததை உணர்ந்து, கேட்டு, மறுபிரதி வாங்குவதற்குள் பேசியவர் அடுத்த வார்த்தைக்கோ அதற்கடுத்த வார்த்தைக்கோ போயிருப்பார். டி.சி.பி.யோ கண்டிப்பானது, 87-ஆம் பக்கம் வராமல் 88-ஐ வெளியே விடாது. ஆகவே தொலைந்த ஒரு துண்டுக்காகப் பின்னால் வந்த துண்டுகள் எல்லாம் காத்து நிற்கும். கேட்கிறவருக்குப் பேச்சு நின்று நின்று, பிறகு பழைய வார்த்தைகள் தாமதமாக வந்து விழும். உரையாடல் இயல்பாக நடக்கவேண்டுமானால் ஒருவழிப் பிரயாணம் 150 மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது. பேச்சில் ஒரு துளி குறைந்தால் காது அதைச் சமாளித்துக்கொள்ளும். தாமதத்தை அதனால் சமாளிக்க முடியாது.

1970-களில் அமெரிக்க வலையமைப்பில் பேச்சைப் பொதிகளாக அனுப்பிப் பரிசோதித்துக்கொண்டிருந்த டேனி கோஹன் முதலியோருக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். செர்ஃப், கான் இருவரின் முதல் திட்டத்தில் வழிநடத்துவதும் தொலைந்ததை மீட்பதும் ஒரே நெறிமுறைக்குள் பின்னிக் கிடந்தன. பேச்சுக்கு மீட்பு வேண்டாம், விலாசம் பார்த்து அனுப்பினால் போதும் என்று வாதாடியவர்களின் நியாயம் ஏற்கப்பட்டு, 1978-இல் அந்த நெறிமுறை இரண்டாகப் பிரிந்தது. பொதியை விலாசத்தை நோக்கித் தள்ளிவிடுவதோடு நின்றுவிடும் ஐ.பி. கீழே அமைந்தது, மீட்பு வேலையைக் கவனிக்கும் டி.சி.பி. அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மீட்பு வேண்டாதவர்களுக்கென்று 1980-இல் ஜான் போஸ்டல் மூன்றே பக்கத்தில் யு.டி.பி. என்னும் மற்றொரு நெறிமுறையை எழுதினார். அதில் ஒப்புகை இல்லை, வரிசை எண் இல்லை, மறுபிரதி இல்லை, போனால் போயிற்று. வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் இதன்மேல்தான் நடக்கின்றன. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, அவற்றில் ஏற்பட்ட மாறுதலை மட்டுமே அனுப்புவதால், ஒரு பொதி தொலைந்ததும் அதற்குரிய சதுரங்கள் பழைய நிலையிலோ அலங்கோலமாகவோ நிற்கின்றன. உறவினரின் முகம் கட்டங்கட்டமாகச் சிதறியது அதனால்தான். பத்திரத்துக்கு முழுமையும் பேச்சுக்கு உடனடித் தன்மையும் முக்கியம் என்று முனைகளில் தீர்மானித்தார்கள்; பாதை இரண்டையும் ஒன்றாகவே நடத்தியது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற காரியங்களாயிற்றே, இப்படித்தான் நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டோம் என்ற சந்தேகம் எழுவது நியாயமே. அதற்கான கருவிகளை வலையமைப்பின் விதிகளே கொடுத்திருக்கின்றன. 1983-இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல், ஒரு விலாசத்துக்குப் பொதி ஒன்றை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரமாயிற்று என்று அளந்து சொல்லும். இதை மட்டும் வைத்துக்கொண்டே பெரிய விஷயங்களை அனுமானிக்கலாம். வெளிநாட்டுச் செய்தியெல்லாம் வானத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது என்று நினைப்பவர்கள் பலர். தொலைத்தொடர்புக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அங்கே ஏறி இறங்கிப் போய், அதேபோல் திரும்பி வர ஒளிக்கே ஏறத்தாழ அரை விநாடி, அதாவது 500 மில்லி விநாடி வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் கடலடியில் ஓடும் கேபிள் ஒன்றின் நீளமோ சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போவதால், போய்வர 32 மில்லி விநாடி ஆகும். சென்னையில் அமர்ந்து சிங்கப்பூரிலுள்ள கணினி ஒன்றுக்குப் பிங் அனுப்புகிறவருக்கு நாற்பதோ ஐம்பதோ என்று விடை வந்தால், அப்பொதி அத்தகைய செயற்கைக்கோளைத் தொட்டிருக்கவே முடியாது, கடலின் அடியில்தான் போயிருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே அவர் நிரூபித்துவிடலாம். எவ்வளவு செலவழித்து எந்தக் கருவியை வாங்கினாலும் அந்தக் கேபிளில் 32-க்குக் கீழே இறங்க முடியாது என்பதும் அதே கணக்கிலிருந்து கிடைக்கும் மற்றோர் உண்மை.

இடையிலுள்ள திசைவிகளைக் கண்டுபிடிப்பதற்கு இதைவிடச் சாமர்த்தியமான யுக்தி ஒன்று உண்டு. அட்டவணைகளில் பிழை நேர்ந்து, ஒரு பொதி இரண்டு திசைவிகளுக்கிடையே முடிவில்லாமல் சுற்றத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை யோசித்து, ஒவ்வொரு பொதிக்கும் ஆயுள் எண் ஒன்றைத் தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். வழக்கமாக 64, 128 போன்ற எண்ணில் தொடங்கும் அதை ஒவ்வொரு திசைவியும் ஒன்று குறைக்கும். பூஜ்யமானதும் பொதியை அழித்துவிட்டு, 'உங்கள் பொதியின் ஆயுள் என்னிடத்தில் முடிந்தது' என்று அனுப்பியவருக்கு அறிவிக்கும். வான் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டையே ஆராய்ச்சிக் கருவியாக மாற்றினார். ஆயுள் ஒன்று என்று எழுதிய பொதியை அனுப்பினால் முதல் திசைவி அதை அழித்துத் தன் விலாசத்தோடு அறிவிப்பு விடுக்கும். இரண்டு என்று எழுதினால் இரண்டாவது திசைவி. இப்படியே ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனால், வழி நெடுகிலும் உள்ள நிலையங்களின் வரிசை கிடைத்துவிடும். அறிவிப்பு விடுக்க மறுக்கும் திசைவிகளுக்கு எதிரில் மட்டும் நட்சத்திரக் குறி விழும். 'டிரேஸ்ரூட்' எனப்படும் இந்நிரல் இன்றும் பெரும்பாலான கணினிகளில் உண்டு. விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'டிரேசர்ட்' என்று தட்டி ஒரு விலாசத்தையும் சேர்த்தால், நம் பொதி எந்த எந்தத் திசைவியைக் கடந்து போகிறது என்று வரிவரியாக வருவதைக் காணலாம்.

பொறுப்பை முனைகளில் வைத்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பலவீனத்தையும் நேரில் சந்தித்தவர் அதே ஜேக்கப்சன்தான். 1986 அக்டோபர் மாதம், அவர் பணியாற்றிய லாரன்ஸ் பர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்துக்கு, விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வேகம் 40 பிட்டாக இறங்கிவிட்டது. விநாடிக்கு ஐந்தே எழுத்து. அரை விநாடியில் போகவேண்டிய ஒரு பக்கம் போய்ச் சேர ஏறக்குறைய ஏழு நிமிஷம். நடந்து போய்க் கையில் கொடுத்துவிட்டு வருவது அதைவிட எளிது. கம்பி அறுந்திருக்கவில்லை, கணினிகள் பழுதாகவில்லை, நெறிமுறையை எல்லோரும் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றிக்கொண்டிருந்தார்கள். பின் எதனால் இந்த விபரீதம்?

நாவலாசிரியரையே மறுபடி நினைத்துக்கொள்வோம். தபாலாபீஸில் உறைகள் தேங்குவதால் கார்டு வரத் தாமதமாகிறது. தாமதத்தை இழப்பு என்று எண்ணி அவர் அதே பக்கங்களை மீண்டும் அனுப்புகிறார். அவரைப்போலவே ஊருக்கு ஊர் எழுத்தாளர்கள் எல்லோரும் அனுப்புகிறார்கள். தேக்கம் இன்னும் பெருகுகிறது. கார்டுகள் இன்னும் தாமதிக்கின்றன. மூன்றாம் முறையும் அனுப்புகிறார்கள். முடிவில் தபால் வண்டிகள் நிறைய உறைகள் ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் அவற்றில் அநேகமாக எல்லாம் ஏற்கனவே போய்ச் சேர்ந்த பக்கங்களின் பிரதிகள். ஜான் நேகிள் என்னும் பொறியாளர் 1984-லேயே இப்படி நேரக்கூடும் என்று எச்சரித்து, அதற்கு நெரிசல் சரிவு என்ற பொருளில் பெயரும் சூட்டியிருந்தார்.

ஜேக்கப்சன், பர்க்லியைச் சேர்ந்த மைக் கேரல்ஸுடன் கூடி ஆராய்ந்து, 1988-இல் வெளியிட்ட தீர்வு திசைவிகளைத் தொடவில்லை; முனைகளின் நடத்தையை மட்டும் திருத்திற்று. பழைய பொதி ஒன்று வலையமைப்பை விட்டு வெளியேறிய பிறகே புதியது ஒன்றை உள்ளே விட வேண்டும் என்பது அதன் மூல நியதி. வெளியேறியதற்கு அத்தாட்சி திரும்பி வரும் ஒப்புகை. பாதையில் எவ்வளவு இடமிருக்கிறது என்று தொடக்கத்தில் தெரியாதாகையால், முதலில் மிகச் சில பொதிகளை மட்டும் விட்டுப் பார்ப்பது. ஒப்புகைகள் ஒழுங்காக வந்தால் அடுத்த சுற்றில் இரு மடங்கு, அதற்கடுத்து நான்கு மடங்கு என்று ஏற்றுவது. ஓர் எல்லைக்கு மேல் சுற்றுக்கு ஒரு பொதியாக நிதானமாகக் கூட்டுவது. ஒரு பொதி தொலைந்தது தெரிந்த மாத்திரத்தில், நடுவழியில் நெரிசல் என்று உணர்ந்து, அனுப்பும் அளவைச் சரேலென்று பாதியாக்கிக்கொண்டு மறுபடி மெல்ல ஏறத் தொடங்குவது. எவ்வளவு நேரம் ஒப்புகைக்காகக் காத்திருப்பது என்பதையும் ஒரே மதிப்பாக வைக்காமல், வந்த ஒப்புகைகளின் தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து நிர்ணயிக்க வேண்டும். பொதி தொலைவதை வெறும் நஷ்டமாகக் கருதாமல், பாதை சொல்லும் செய்தியாக இத்திட்டம் எடுத்துக்கொள்கிறது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது வேகம் சிறிதாகத் தொடங்கி, ஏறி, திடீரென்று இறங்கி, மீண்டும் ஏறுவதை நாம் திரையில் பார்க்கிறோமே, அது பெரும்பாலும் இந்த அடக்கத்தின் அடையாளம்.

இந்த அடக்கத்தை யாரும் நடுவிலிருந்து கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான் இதில் வியப்பு. ஒப்புகையைப் பொருட்படுத்தாமல் பொதிகளை இறைத்துக்கொண்டே போகும் நிரல் ஒன்றை எழுதுவது கஷ்டமான காரியமன்று. பெரும்பாலான கணினிகளில் வரும் நெறிமுறை நல்லபடியாக எழுதப்பட்டிருப்பதனால்தான் எல்லோருடைய போக்குவரத்தும் நடக்கிறது. யு.டி.பி.யின் மேல் பேச்சையும் படத்தையும் அனுப்புகிறவர்களுக்கு அந்த நெறிமுறை எந்தக் கட்டுப்பாடும் விதிக்காதபடியால், நெரிசலைக் கண்டதும் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும் நாகரிகத்தை அவர்கள் தாங்களே நிரலில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொறுப்பை முனைகளில் வைத்ததற்கு இவ்வாறு ஒரு விலை உண்டென்றால், அதற்கேற்ற லாபமும் உண்டு. டி.சி.பி.யில் ஒரு பக்கம் வராமல் மற்றவையெல்லாம் காத்து நிற்கும் குறையைப் போக்குவதற்காக, யு.டி.பி.யின் மேலேயே வரிசை எண், ஒப்புகை, மறுபிரதி எல்லாவற்றையும் புதிதாக அமைத்துக்கொண்ட 'குவிக்' என்னும் நெறிமுறை அண்மையில் பிறந்தது. கூகுள் நிறுவனத்தில் தொடங்கிய அது 2021 மே மாதத்தில் பொது விதியாக வெளியிடப்பட்டது. நம் கைப்பேசியின் உலாவியும் தொலைவிலுள்ள கணினியும் அதை ஏற்றுக்கொண்டால் போதும், நடுவிலுள்ள திசைவிகள் 1978-இல் வகுத்த அதே முறைப்படி விலாசத்தைப் பார்த்துப் பொதியைத் தள்ளிக்கொண்டிருக்கும். அவ்வளவு சுதந்திரமான ஏற்பாட்டிலும், தொலைந்த பொதியை எப்படிக் கண்டுகொள்வது, நெரிசலில் எப்படி அளவைக் குறைத்துக்கொள்வது என்பதற்குத் தனி விதியேடு ஒன்றை எழுதி அதே மாதத்தில் கூடவே வெளியிட்டார்கள். முனைகளுக்குக் கிடைத்த உரிமை இந்தக் கடமையோடு சேர்ந்தே வருகிறது என்பதை 1986 அவர்களுக்குக் கற்பித்திருந்தது.